இன்னும் பன்னிரண்டு நாள்

ஜூலை 14, திங்கள்

நாள் 441. கம்பெனி பஸ் பெருங்களத்தூரிலேயே நாற்பது நிமிஷம் நின்றது. மறைமலை நகர் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று.

கார் பார்ட்ஸ் லைன் இரண்டு மூடிக் கிடக்கிறது. எங்கள் லைன் மட்டும் மூச்சு விடாமல் ஓடுகிறது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அலுமினிய வளையம். மூன்று துளை, நான்கு வெட்டு. கேஜ் என்கிற அளவுக் கருவியில் வைத்துப் பார்த்து, சரியாக இருப்பதில் பச்சை பெயின்ட் புள்ளி வைப்பது என் வேலை. டிராயிங்கில் பார்ட் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மை பூசியிருக்கிறது. சூப்பர்வைசர் எத்திராஜ் சாரைக் கேட்டால், "விவசாய மிஷினுக்கும்மா" என்பார். விவசாயத்துக்கு எதற்கு வாசலிலேயே போனைப் பிடுங்கி வைக்கிறார்கள்? நான் கேட்கவில்லை. கேட்டால் நாளை என் நாற்காலியில் வேறொருத்தி.

இரண்டு வருஷத்தில் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்துவிட்டால் பர்மனன்ட் செய்தாக வேண்டும், சட்டம். அதனாலேயே அந்த எண் நெருங்கும்போது டெம்ப்ரவரிகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வெவ்வேறு கம்பெனியில் என்னை மூன்று தடவை அனுப்பியாயிற்று. கடைசித் தடவை 471-ஆம் நாள். ஒன்பது நாள். ஒன்பதே நாள், பாவிகள். இந்தத் தடவை ஆர்டர் கழுத்தை நெரிப்பதால் அனுப்ப முடியாமல் வைத்திருக்கிறார்கள். எனக்கு நாற்பத்தொன்று. இதை விட்டால் இனி எவன் எடுப்பான்?

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனையில் சமாதானத்துக்கான மன்றாட்டு. மழைக்கான மன்றாட்டுக்கு அப்புறம், நோயாளிகளுக்கானதற்கு முன்னால், "யுத்தத்தில் இருக்கும் தேசங்களுக்காக". நான்கு வருஷமாக அதே வாக்கியம், அதே ஆமென். ஒரு தேசம் கடல் தாண்டிப் போய் இன்னொருத்தன் ஊரை அடித்துக்கொண்டிருக்கிறது. சொந்த ஜனங்களே வேண்டாம் வேண்டாம் என்று தெருவில் நிற்கிறார்கள்.

பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் எப்சிபா அக்கா வாசலில் பிடித்துக்கொண்டார். "ஆகஸ்ட் பதினஞ்சு சங்கிலி ஜெபம் வெச்சிருக்கோம் ஹில்டா, சமாதானத்துக்காக. ஆளுக்கு ஒரு மணி நேரம். உனக்கு மூணுலேர்ந்து நாலு." அதே மூச்சில் என் புடவை எங்கே எடுத்தது என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "நல்லா ஜெபம் பண்ணு, நின்னாதான் எனக்கு வண்டி" என்றார். இவர் சிறுசேரியில் கேப் ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்தத் தேசத்து பேங்க் ஒன்றின் ப்ராஜெக்டை யுத்தத்தால் மூடினார்கள். ஒரே நாளில் அறுபது வண்டி நின்றது. பதினான்கு மாதமாக என் வீட்டுக்காரர் அசரியா சமையலறையில் சாம்பார் வைக்கிறார். அவர் வேலையைத் தின்றதும் அந்த யுத்தம்தான்.

ஜூலை 26, சனி

எழுதாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

மகள் சுஜிக்குப் பள்ளியில் சார்ட் வேலை. ஒன்பதாம் வகுப்பு. இடது பக்கம் 'போரின் காரணங்கள்', வலது பக்கம் 'விளைவுகள்'. எல்லை, எண்ணெய், தேர்தல், பழைய பகை என்று நான்கு எழுதிவிட்டு, "அஞ்சு பாயின்ட் வேணும்னு மிஸ் சொன்னாங்கம்மா" என்றாள். "நிறுத்தினா யாருக்கோ நஷ்டம்னு எழுது" என்றார் இவர், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. அப்படியே எழுதினாள்.

வலது பக்கம் பேப்பரில் வந்த படத்தை வெட்டி ஒட்டியிருந்தாள். இடிந்த வீட்டின் முன்னால் ஒரு ஆள். வயசானவர், தலையெல்லாம் சுண்ணாம்பு. விழுந்த குண்டின் துண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்து கேமராவுக்குக் காட்டுகிறார்.

மூன்று துளை. நான்கு வெட்டு. நான்காவது வெட்டின் ஓரத்தில் லேசான சரிவு. அது எங்கள் இரண்டாம் நம்பர் மிஷினின் குறை, அளவுக்குள் வருகிறது என்று நானே தினமும் விட்டுவிடுவது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பச்சைப் புள்ளியைத் தேடினேன். இல்லை. எரிந்திருக்கும்.

"என்னம்மா அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல. கோணலா ஒட்டியிருக்க."

ஜூலை 28, திங்கள்

நாள் 453. எழுநூற்றுப் பத்து புள்ளி வைத்தேன். சீ.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாள் 460. பக்கத்து மேஜை ஜெயஸ்ரீயிடம் கேன்டீனில் மெதுவாகச் சொன்னேன். அவள் மோரைக் குடித்து முடித்துவிட்டு, "இன்னாக்கா, இப்பதான் தெரியுமா உனக்கு? எல்லார்க்கும் தெரியும். நீ கம்முனு இரு" என்றாள்.

எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் தயிர்சாதத்துக்கு ஊறுகாய் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். நானும் வாங்கினேன்.

மத்தியானம் ஒரு யோசனை. துளை தப்பாக இருக்கும் வளையத்துக்கும் புள்ளி வைத்துவிட்டால் என்ன? குண்டு வெடிக்காமல் போகலாம். இல்லை, திசை மாறிப் பள்ளிக்கூடத்தில் விழலாம். கடைசியில் தப்பானதை எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போட்டேன். உண்மையில் பயந்தது பள்ளிக்கூடத்தை நினைத்தா, மாட்டிக்கொண்டால் வேலை போகும் என்றா? எனக்கே தெரியும். எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

நாள் 467. கேன்டீன் டிவியில் செய்தி. இரண்டு தரப்பும் சம்மதம், திங்கட்கிழமை கையெழுத்து, போர் நிறுத்தம்.

நூற்றைம்பது பேர் சாப்பிடுகிற இடம். ஒருத்தர் கை தட்டவில்லை. "பேஜார்ரா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான்.

எத்திராஜ் சார் மேஜை மேஜையாக வந்தார். "கையெழுத்தாச்சுன்னா ஆர்டர் ஹோல்டு. டெம்ப்ரவரி எல்லாம் செவ்வாய்க்கிழமையோட நின்னுக்கணும். நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

செவ்வாய்க்கிழமை என்றால் 471. என்னை வைத்து யாரோ விளையாடுகிறார்கள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இன்று லீவு. நேற்றோடு 468.

மூன்று மணிக்கு சர்ச்சுக்குப் போனேன். ஆல்டர் பக்கத்தில் ஒரு பாய், ஒரு நோட்டு. வருகிறவர் கையெழுத்துப் போட்டு முழங்காலில் நிற்க வேண்டும். அடுத்தவர் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது, சங்கிலி அறுந்துவிடும். எனக்கு முன்னால் இருந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து போனார். நிஜமாகவே அழுதிருக்கிறார்.

சமாதானம் தாரும் என்று ஆரம்பித்தேன். நாலு தடவை சொன்னேன். வாய் சொல்கிறது, உள்ளே வேறு ஒன்று ஓடுகிறது. அந்தப் பெரியவரின் சுண்ணாம்புத் தலையை நினைத்துப் பார்த்தேன், சுஜியை நினைத்தேன், நிற்கவில்லை. கடைசியில் அது வெளியே வந்தேவிட்டது. சத்தமாக. யாரும் இல்லை, நானே என் காதால் கேட்டேன்.

ஆண்டவரே, இன்னும் பன்னிரண்டு நாள். பன்னிரண்டே நாள் நிக்காம இருக்கட்டும். அப்புறம் நின்னுக்கட்டும்.

இதைத்தான் கேட்டேன். ஜனங்கள் சாகிற நாளில் பன்னிரண்டு எனக்குக் கொடு என்று, சமாதானத்துக்குப் போட்ட பாயில் முழங்கால் போட்டுக் கேட்டேன். தூ. நானெல்லாம் ஒரு பொம்பளையா? நான்கு மணிக்கு அடுத்தவர் வந்தார். எழுந்து, சிரித்து, ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நாள் 471.

கையெழுத்து ஆகவில்லை. நேற்று மேஜைக்கு வந்தவர்கள் பாதியில் எழுந்து போய்விட்டார்களாம். விடியற்காலை ரொட்டிக் கடை வரிசையில் குண்டு. முப்பத்தொரு பேர்.

எத்திராஜ் சார் விசில் அடித்துக்கொண்டே வந்தார். டபுள் ஷிப்ட். ஜெயஸ்ரீ என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பாத்ரூமுக்குப் போய்க் கையைக் கழுவினேன். திரும்பி வந்து கேஜை எடுத்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

நாள் 480. இவர் பாயசம் வைத்தார். இரண்டு டம்ளர் குடித்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வெள்ளிக்கிழமை பர்மனன்ட் ஆர்டர் கையில் கொடுத்தார்கள். உறையைப் பிரித்தது சுஜிதான். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இவர் என்னிடம் சொல்லாமல் காணிக்கைக் கவரில் சீட்டு எழுதிப் போட்டிருக்கிறார். நல்ல மனுஷன், அவருக்கு என்ன தெரியும்.

பாஸ்டர் யுத்தத்தில் மரித்தவர்களுக்காக ஒரு நிமிஷம் எழுந்து நிற்கச் சொன்னார். நின்றோம். உட்கார்ந்ததும் காணிக்கைச் சீட்டுகளை வாசித்தார். மூன்றாவது: "சகோதரி ஹில்டா அசரியா, தான் ஏறெடுத்த ஜெபத்தைக் கர்த்தர் கேட்டு, வேலையை நிரந்தரமாக்கினதற்காக ஸ்தோத்திரக் காணிக்கை." சபை முழுவதும் ஆமென் சொன்னது. என் பக்கத்தில் சுஜி எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள்.

வாசலில் எப்சிபா அக்கா நோட்டோடு நின்றார். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் சங்கிலி ஜெபம். யுத்தம் நிற்கவில்லையே.

"இந்தத் தடவ உனக்கு ரெண்டு மணி நேரம் போடட்டுமா ஹில்டா? உன் ஜெபம் கேக்கப்படுதே."

"போடுங்கக்கா" என்றேன்.