ஒற்றைக் கட்டில் கொசுவலை

14 செப்டம்பர் 1968

மழை விட்டும் கொசு விடவில்லை. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சாக்கடை தேங்கி நிற்கிறது. வீட்டில் இருப்பது ஒரே கொசுவலை, அவர் தனியாளாக இருந்தபோது வாங்கியது. ஒரு கட்டிலுக்குத்தான் காணும். கல்யாணமாகி நான் வந்த அன்றே அதை என் கட்டிலுக்கு மாற்றிக் கட்டிவிட்டார். அவருக்கு? “என்னைக் கடிக்காதுங்க. பழகிப்போச்சு” என்கிறார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

முப்பத்தாறு வயதில் வந்த மனைவியிடம் இப்படித்தான் ‘ங்க’ போட்டுப் பேசுவார்களோ?

17 செப்டம்பர்

கடிக்காதாம். காலையில் சட்டை மாட்டும்போது பார்த்தேன் — கழுத்தெல்லாம் தடிப்பு. சொறிந்த இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. பச்சைத் தண்ணீரில் துணியை நனைத்து ஒத்தினால் அரிப்பு அடங்கும் என்றேன். துணியை வாங்கித் தானே ஒத்திக்கொண்டார். முதுகு எட்டவில்லை. நான் ஒத்திவிடட்டுமா என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

19 செப்டம்பர்

வலையை அவர் கட்டிலுக்கு மாற்றிவிட்டுப் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போனேன். திரும்பி வந்தால் என் கட்டிலில் தொங்குகிறது.

22 செப்டம்பர், ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டு பேபி அக்காவிடம் கேட்டேன். சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். “வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில கலந்து நீயே தடவிவிடு. நக்கோ, வேணாம்னாலும் விடாதே” என்றாள்.

விடவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு நானும் தடவிக்கொண்டேன். வீடே நாறியது. இனிமேல் கொசுவும் வராது, விருந்தாளியும் வரமாட்டான் என்றார். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பல்வரிசை அழகாக இருக்கிறது.

26 செப்டம்பர்

ஒர்க் ஷாப்பிலிருந்து வந்ததும் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார். சாப்பிடும்போது இரண்டு வார்த்தை. என்னைப் பிடிக்கலையா? தம்பிகளுக்குச் சமைச்சே வயசைத் தொலைச்சவள்னு இரக்கப்பட்டுக் கட்டிக்கிட்டாரா? கேட்டால் என்ன சொல்லிவிடுவாரோ என்று பயம்.

30 செப்டம்பர்

நேற்று மத்தியானம் அவருக்கு நடுக்கம். இரண்டு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடுகிறது. இன்று ரயில்வே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மலேரியா. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

வலையை அவர் கட்டிலுக்கு மாற்றிவிட்டேன். இந்தத் தடவை தடுக்க அவரால் எழுந்திருக்க முடியவில்லை. மாதாவே, இவரை எனக்கு விட்டுவை.

3 அக்டோபர்

காய்ச்சல் இறங்கியது. கஞ்சி குடித்தார். கோபத்தை அடக்க முடியாமல் கேட்டேவிட்டேன். கொசு பிடுங்குவது தெரிந்தும் ஏன் அப்படிப் பிடிவாதம்?

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “ஒனக்குக் காய்ச்சல் வந்தா, இங்க வந்ததே தப்புன்னு நெனச்சிருவியோன்னு பயம். ஏற்கனவே நான் பேசத் தெரியாதவன்.”

நீங்க என்பது எப்போது நீ ஆனது என்று அவருக்கே தெரியவில்லை.

பேப்பரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினால் நான் என்னவென்று நினைப்பது என்றேன். என்ன பேசுவதென்று யோசிக்கத்தான் ஓடினாராம். யோசித்து? “ஒண்ணும் தோணல” என்றார். அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். நல்ல அழுகைதான்.

8 அக்டோபர்

ஜெனரல் பஜாரில் வலைத்துணி வாங்கி, பேபி அக்காவின் மெஷினில் தைத்தேன். அகலத்தைப் பார்த்தாள். நூல்கண்டைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து விரித்துக் காட்டினேன். அவர் வலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கட்டில்களைச் சேர்த்துப் போட்டு, நகராமலிருக்கக் கால்களைக் கயிற்றால் கட்டினார். ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர் அல்லவா. அவ்வளவு முடிச்சு எதற்கு?

16 அக்டோபர்

இன்று ஒர்க் ஷாப் சங்கு ஊதியது எங்கள் இருவருக்குமே கேட்கவில்லை. பேபி அக்கா கதவைத் தட்டி, எட்மண்ட் ட்யூட்டிக்குப் போகலையா, மறுபடியும் காய்ச்சலா என்று கேட்டாள். இல்லையக்கா என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி சரி என்று போய்விட்டாள். அவர் ஒரு கையில் சட்டையும் மறு கையில் சைக்கிள் சாவியுமாகப் பின்வாசல் வழியாக ஓடினார்.