டேட்டாவைக் குடித்தது நீ இல்லை

இசோவா,

நேற்று ஆலையில் மீன் வெட்டிக்கொண்டு நின்றதில் குதிகால் இன்னும் வலிக்கிறது. இன்றும் கிளம்பிவிட்டேன். தேங்காய்ப்பாலில் மீன் வைத்திருக்கிறேன், மரவள்ளிக்கிழங்கை நீயே அவித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை சுவா நகரத்திலிருந்து மகள் பேசும்போது பாதியில் டேட்டா தீர்ந்ததே, வீடியோ பார்த்தே தீர்த்துவிட்டாய் என்று உன் தங்கை முன்னால் கத்தினேனே, அது நீ இல்லை. பக்கத்து வீட்டு கெலேரா காலையில் லேப்டாப்பைப் பார்த்தாள்.

"அக்கா, அண்ணன் மேல தப்பில்ல. அவர் லேப்டாப்புல பாட்டு வாசிக்கிற சின்தசைசர் அப்டேட்டோட ஒரு எடுபிடி புரோகிராமும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. லேப்டாப்பைத் திறந்தாலே பின்னால உக்காந்து டேட்டாவைக் குடிக்குது" என்றாள்.

கூப்பிடாமல் வந்து தின்றுவிட்டு எழுந்து போகாத ஆள் நமக்கு உன் மாமா ஒருவர் போதும். அதை நிறுத்திவிட்டோம். பயப்படாதே, தேவாலயப் பாட்டுக்கு நீ சேர்த்து வைத்த ஆர்கன் சத்தம் பத்திரமாக இருக்கிறது. ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

வாசிட்டி

மகள் ஏழு மணிக்குக் கூப்பிடுவாள். முதலில் நீ பேசு.

இன்னொன்று. கத்தியது உன் தங்கை முன்னால், அதனால் மன்னிப்பும் அவள் முன்னால்தான் கேட்க வேண்டும். அது இன்னும் பாக்கி.