மருந்தகத்தில் உள்ள ஊசியும் நெறிமுறையில் உள்ள மாத்திரையும்

அனுப்புநர்:
நோயாளியின் அக்கா,
ஆயத்த ஆடைத் தொழிற்சாலைத் தையலாளி,
தண்ணீர்த் தொட்டியின் பின்வரிசை, மாடி வீடு.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
தீவிர மனநோய் சிகிச்சை நெறிமுறைக் குழு,
சுகாதாரத் துறைத் தலைமை அலுவலகம்.

பொருள்: நெறிமுறைப் புத்தகத்தில் விடுபட்டதைச் சேர்க்கவும், எனது ஒப்புதலை நீக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் வெளியிட்ட புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்துவிட்டே எழுதுகிறேன். குழுவில் எத்தனை பேர் அப்படிப் படித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

1. என் தம்பி லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். இரண்டு வருடங்களுக்கு முன், பக்கத்து வீட்டார் சுவர் வழியாகத் தன்னைத் திட்டுவதாகச் சொல்லத் தொடங்கினான். மின்விசிறியைக் கழற்றி உள்ளே மைக் தேடினான். அரசு மருத்துவமனையில் அப்போதிருந்த டாக்டரம்மா தந்த மாத்திரையில் மூன்றே மாதத்தில் தேறினான். "அக்கா, இப்ப சத்தம் கேக்கல. நாளைக்கு வேலைக்குப் போறேன்" என்றான். போனான்.

2. அந்த டாக்டரம்மா சொல்லித்தான் தாங்கள் என்னைக் 'குடும்பத்தினர் பிரதிநிதி' என்று கூட்டத்துக்கு அழைத்தீர்கள். பணக்கார நாடு ஒன்றின் புத்தகத்தைத் திரையில் பக்கம் பக்கமாகக் காட்டினீர்கள்; தம்பி சாப்பிடும் மாத்திரைதான் அதில் முதலில் இருந்தது. நான் எழுந்து, "இந்த மாத்திரை பாதி நாள் கிடைக்கிறதில்ல சார். அப்பல்லாம் பழைய ஊசிதான் போடுறாங்க. அதைப் பத்தியும் எழுதுங்க" என்றேன். தாங்கள், "அது கொள்முதல் பிரிவு வேலைம்மா. நாம இங்க சிறந்த சிகிச்சையைப் பத்தி மட்டும் பேசுவோம்" என்றீர்கள். தேநீர் வந்தது. பேச்சு அத்துடன் முடிந்தது.

3. வீடு தேடி வரும் ஆறு பேர் கொண்ட குழு ஒன்று நோயாளியைக் கவனிக்க வேண்டும் என்கிறது தங்கள் புத்தகம். எங்கள் மருத்துவமனையில் வியாழக்கிழமை மட்டும் ஒரு டாக்டர் வருகிறார். அந்த ஆறு பேரும் அவர்தான்.

4. அண்மையில் தொடர்ந்து ஐந்து வாரங்கள் மாத்திரை இல்லை. தம்பிக்கு மறுபடி குரல்கள் கேட்டன. டாக்டரம்மாவுக்குப் பதிலாகப் புதிதாக வந்த அந்த வியாழக்கிழமை டாக்டர் பழைய ஊசியைப் போட்டார். தசைகள் இறுகாமலிருக்க அதோடு சேர்த்துத் தர வேண்டிய இன்னொரு மாத்திரையைத் தரவில்லை. மறுநாள் மதியம் அவனுக்குத் தாடை பூட்டிக்கொண்டது. கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. கண்கள் மேலே செருகி நின்றன. தூக்கிக்கொண்டு ஓடினோம். வார்டு நர்ஸ் மாற்று ஊசி போட்டதும் அரை மணியில் சரியானது. "அந்த மாத்திரை இதே அலமாரியிலதான்மா இருக்கு. புதுசா வந்தவருக்குப் புத்தகத்துல இருந்தாதானே தெரியும்" என்றார் அவர்.

5. தன் கழுத்தை முறிக்க நான்தான் ஆள் வைத்தேன் என்று தம்பி நம்புகிறான். ஒன்பது நாட்களாக என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து, "நீயும் அவங்க ஆளுதானே. கூட்டத்துக்குப் போனியே" என்கிறான். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், 'முழு மனதுடன் ஒப்புதல் அளித்தோர்' பட்டியலில் என் பெயர் அச்சாகியிருக்கிறது. வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்தை ஒப்புதலாக்கிய திறமையைப் பாராட்டுகிறேன்.

6. ஆகவே என் பெயரை நீக்குங்கள். மாத்திரை தீர்ந்துபோகும் நாளில் என்ன செய்வது, பழைய ஊசியோடு எதைத் தருவது என்பதை எழுதி எல்லா மருத்துவமனைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தில் ஒரு வார்டு நர்ஸையும் மருந்தகப் பணியாளரையும் உட்கார வையுங்கள். தம்பி இனி மருத்துவமனைக்கு வரமாட்டான். அவனைப் பார்க்க ஒருவரையாவது வீட்டுக்கு அனுப்புங்கள்.

7. தங்கள் பதிலுக்காக நான் காத்திருக்கவில்லை. அந்த நர்ஸ் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி, போன வியாழக்கிழமை வரிசையில் நின்றவர்களுக்குப் படித்துக் காட்டினேன். ஊசி போட்டுக்கொண்ட பதினோரு பேரும் அந்த மாத்திரையைக் கேட்டு வாங்கினார்கள். டாக்டர் கோபப்படவில்லை. தனக்கும் ஒரு நகல் கேட்டார். தங்களுக்கும் ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன். படித்துவிட்டு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: செவ்வாய்க்கிழமை
இடம்: மேற்கண்ட முகவரி

இப்படிக்கு,
(கையொப்பம்)
நோயாளியின் அக்கா

இணைப்பு: கையால் எழுதிய தாள் ஒன்று.