குறை சொல்ல முடியாத படம்

அன்புள்ள தூறல் அண்ணாவுக்கு,

உப்புஜாடி எழுதுகிறேன். நம் இணையப் படத்தளத்தில் நான் வைத்துக்கொண்ட பெயர் உங்களுக்கு மறந்திருக்காது என்று நம்புகிறேன். ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் நலம் கேட்கத்தான் கை தயங்குகிறது.

முன்பு எனக்கு ஒரு பழைய லென்ஸ் அனுப்பினீர்களே, அந்தப் பார்சலின் மேலுறையிலிருந்துதான் உங்கள் முகவரியை எடுத்தேன். கடை ரசீதுகளோடு அதையும் பத்திரப்படுத்தியிருந்தேன். “பல்லி வால் விழுந்தாக்கூட இவ எடுத்து வைப்பா” என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

தளத்தை மூடப் போகிறார்கள், அண்ணா. இந்த மாதக் கடைசியோடு எல்லாப் படங்களும் அழிந்துவிடுமாம். உங்கள் பக்கத்தில் அண்ணியின் படங்கள் அத்தனையும் இருக்கின்றன. கணினி பழுதானபோது, வேறு பிரதி இல்லை, இனி இந்தத் தளம்தான் என் பெட்டி என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அதனால்தான் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

இப்போது அங்கே போனால் ஆளில்லாத கல்யாண மண்டபம் போல இருக்கிறது. கடைசியில் வந்தவர்கள் போகிற போக்கில் ஓர் இதயக் குறியைத் தட்டிவிட்டுப் போனார்கள். நின்று பார்த்தவர் யார்? அந்த நாளில் ஒரு படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். “உங்க அண்ணன் படத்துல தலை வந்துடுச்சு, கால் வர்றதுக்குள்ள சாப்பிட்டுடலாம் வா” என்பார் இவர். நான் நகரமாட்டேன்.

குறை ஒன்றைச் சொல்லாமல் யாரும் பாராட்டக் கூடாது என்று சட்டம் போட்டதே நீங்கள்தான். நான் எடுத்த கொடித்துணிப் படத்துக்கு, “துணி காஞ்சிடுச்சு தங்கச்சி, படம்தான் இன்னும் காயல” என்று எழுதினீர்கள். கோபத்தில் அன்று முழுவதும் பாத்திரங்களை உருட்டினேன். ஆனால் மறுநாளே வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன். பள்ளிக்கூடம் தராத படிப்பு அது.

அந்தச் சட்டத்தால்தான் வினை வந்தது. மருத்துவமனைக் கட்டிலில் அண்ணி தலைத்துணியைச் சரிசெய்தபடி சிரிக்கும் படத்தைப் போட்டீர்கள். அதற்குக் கீழே ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டு நாள் பொறுத்து, “பார்த்தவர்களுக்கு நன்றி” என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போனவர்தான் நீங்கள், திரும்பவே இல்லை.

நாங்கள் பார்க்காமல் இல்லை, அண்ணா. நம் தளத்துப் பல் டாக்டர் எனக்குத் தனியாக எழுதிக் கேட்டார்: “அந்தப் படத்துல என்னத்தைக் குறைன்னு சொல்றது? சொல்லாம எப்படிம்மா எழுதுறது?” நம் தையற்காரரும் எழுதி எழுதி அழித்தாராம். நான் கணினி முன்னால் உட்கார்ந்து அண்ணிக்காகப் பிரார்த்தனை செய்துவிட்டு எழுந்துவிட்டேன். நீங்கள் போட்ட கோட்டை நாங்கள் தாண்டவில்லை. எங்கள் மௌனத்தை நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டீர்கள் என்று வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அண்ணி தவறிவிட்ட செய்தியும் அப்போதுதான் தெரிந்தது.

மற்றவர்கள் எடுத்தால் படம் தபால்தலை அளவுக்குத்தான் இறங்குகிறது. முயன்று பார்த்தேன், அண்ணியின் கண்கள் இரண்டு புள்ளியாகத் தெரிந்தன. பெரிய படம் உரியவருக்கு மட்டுமே கிடைக்குமாம். ஆகவே நீங்கள்தான் உள்ளே போக வேண்டும். இன்றே போங்கள். பார்க்க மனம் வராவிட்டால் பார்க்க வேண்டாம், எடுத்து மட்டும் வையுங்கள்.

அதுவும் முடியாது என்றால், கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும் இறக்கி, ஒன்றையும் திறக்காமல் வைத்திருப்பேன். என்றைக்குக் கேட்கிறீர்களோ அன்றைக்குத் தருவேன்.

தபால்தலை ஒட்டி, என் முகவரி எழுதிய உறை ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். எதுவுமே எழுதத் தோன்றாவிட்டால் அந்த உறையை வெறுமனே ஒட்டிப் பெட்டியில் போடுங்கள், அண்ணா. அது வந்து சேர்ந்தால் போதும். ஆண்டவன் உங்களைத் தனியே விடாதிருக்கட்டும்.

என்றும் பிரார்த்தனையுடன்,
உங்கள் தங்கை
உப்புஜாடி