சர்க்கரை மாத்திரைத் தூசி

மாப்ள,

நேற்று அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கத் திருமங்கலத்தில் ஒரு மெடிக்கலுக்குப் போயிருந்தேன். கடைக்காரர் எடுத்துப் போட்ட அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். நம் கம்பெனி. வெள்ளை மாத்திரை, நடுவில் கோடு. நீயும் நானும் ஓட்டிய மிஷினில் விழுந்ததாகக்கூட இருக்கலாம்.

"வேற கம்பெனி குடுங்கண்ணே" என்றேன்.

"இதுக்கு என்ன தம்பி கொறச்சல்? நல்லா ஓடுற மாத்திரை."

குறைச்சல் இல்லை என்று எனக்கும் தெரியும். எடை சரியாக இருக்கும், உடையாது, தண்ணீரில் போட்டால் கரைய வேண்டிய நேரத்தில் கரையும். அதையெல்லாம் அவ்வளவு கவனமாகப் பார்த்தார்கள். அதனால்தான் எனக்குச் சந்தேகம். மாத்திரையை அப்படிப் பார்த்தவர்கள் உன்னை ஏன் பார்க்கவில்லை?

மாத்திரைக் கம்பெனியில் வேலை என்றால் வெளியே ஒரு மரியாதை. உன் மாமியார் கீழக்குயில்குடி முழுக்க "எங்க மருமகன் மருந்து கண்டுபிடிக்கிறாக" என்று சொல்லிவைத்திருந்தது. நமக்குத்தான் தெரியும், அது மாவு வேலை. மருந்துப் பவுடரோடு மாவும் பசையும் சேர்த்துப் பிசைவார்கள், காயவைப்பார்கள், சல்லடையில் தட்டிக் குருணையாக்குவார்கள். அந்தக் குருணை நம் அறைக்கு வரும். மிஷின் தலையில் இருக்கிற கூம்பில் கொட்டுவோம். கீழே சுழலும் வட்டத்தட்டின் குழிகளில் அது இறங்கும்; மேலிருந்தும் கீழிருந்தும் இரும்புத் தண்டுகள் வந்து அழுத்தும்; மாத்திரை துள்ளி வெளியே விழும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் கொஞ்சம் தூசி கிளம்பும். அதை உறிஞ்சத்தான் சக்‌ஷன் குழாய்.

குழாயை முழுதாகத் திறந்தால் தூசியோடு நல்ல குருணையும் போய்விடும். போட்ட பவுடருக்கு மாத்திரை குறையும். சூப்பர்வைசருக்கு அதுதான் உயிர் போகிற விஷயம். காலையில் வந்ததும் வால்வைப் பாதிக்குத் திருகிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார்.

"சார், மூஞ்சில அடிக்குது சார்" என்று ஒருநாள் நான் சொன்னேன்.

"அப்பறம் மாஸ்க் எதுக்குப் போட்ருக்க? அழகுக்கா?"

"அவன் மூஞ்சிய நாங்க பாக்கக் கூடாதுன்னு போட்ருக்கான் சார்" என்றாய் நீ. அவரே சிரித்துவிட்டார். வால்வைத் திறக்கவில்லை.

சர்க்கரை மாத்திரை ஓடுகிற நாட்களில், ஏசி அறையில் நின்றபடியே நமக்கு வேர்க்கும். கை நடுங்கும். நாக்கு தடிக்கும். சர்க்கரை நோய்க்காரரின் ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கிற மருந்து, நம் மூக்கு வழியே போனால் மட்டும் சும்மா இருக்குமா? இதை நமக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் இருந்தது. அந்த மாத்திரை ஓடினால் ஆளுக்கு இரண்டு கமர்கட். சீருடையில் பை கிடையாது, உள்ளே தின்பண்டம் கொண்டுபோகத் தடை. அதனால் காலுறைக்குள். வேர்க்க ஆரம்பித்ததும் மாஸ்க்கைத் தூக்கி வாயில் ஒன்று. "டேய், வெளிறிப் போயிட்ட, வாயத் தொற" என்று நீ எனக்கு எத்தனை தடவை போட்டுவிட்டிருக்கிறாய். சூப்பர்வைசருக்கும் இது தெரியும் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். தெரியாமலா தினமும் நம் காலுறையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்?

வெளியாட்கள் வந்து சோதிக்கிற ஆடிட்டுக்கு முந்தைய நாள் அவர் முகத்தைத் திருப்பவில்லை. உடை மாற்றும் அறை வாசலில் நின்று ஒவ்வொருவர் காலுறையையும் உதறச் சொன்னார்.

"இது கம்பெனியா, பெட்டிக்கடையாடா?"

கமர்கட் எல்லாம் குப்பைக் கூடைக்குப் போனது. அன்று ஓடியது சர்க்கரை மாத்திரை; ஆடிட்டர் வருவதற்குள் அந்தச் சரக்கை முடித்தாக வேண்டும் என்று மிஷினின் வேகத்தைக் கூட்டினார்கள். வால்வு அதே பாதியில்.

ஷிப்ட் முடிந்து கம்பெனி வேனில் ஏறும்போது நீ வேர்வையில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தாய். "மிஷினக் கழுவிட்டு வாடா, நான் போறேன்" என்றாய். நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

மீதியை, வேனிலிருந்து இறங்கி நீ மாறி ஏறிய பஸ்ஸின் கண்டக்டரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். "நாக்கு கொழறுச்சு தம்பி. டிக்கெட் எடுன்னா என் தோள்ல சாயிறான். பொம்பளைக நிக்கிற பஸ்ஸு, நான் என்ன செய்ய? எறக்கி விட்டேன்." நாலுவழிச் சாலை ஓரத்தில், மதிய வெயிலில் நீ கிடந்தாய். அம்புட்டு வண்டியும் உன்னைத் தாண்டித்தான் போயிருக்கிறது. யாரோ ஆம்புலன்ஸுக்குச் சொன்னபோது பொழுது சாய்ந்துவிட்டது. விடிவதற்குள் நீ போய்விட்டாய்.

உன் மனைவி செல்வி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்கு முன்பே கம்பெனி மேனேஜர் அங்கே நின்றிருந்தார். அவருக்கு யார் சொன்னது? வந்தவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பிக்குக் குடிப்பழக்கம் உண்டோம்மா?" உன் சர்க்கரையைப் பார்த்தார்களா, ரத்தத்தில் மது இருந்ததா என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் இன்றுவரை ஆளுக்கு ஒரு மேசையைக் காட்டுகிறார்கள். உன்னைப் புதைத்த மறுநாள் நம் அறையில் சக்‌ஷனுக்குப் புது ஃபில்டர் மாட்டினார்கள். நாம் எத்தனை தடவை கேட்டு வராத ஃபில்டர். குடித்துவிட்டு ரோட்டில் விழுந்தவனுக்காக எந்தக் கம்பெனியாவது ஃபில்டர் மாற்றுமா, மாப்ள?

முப்பதாம் நாள் முடிந்ததும் செல்வி என்னைத் தனியாகக் கூப்பிட்டது. "அண்ணே, மறைக்காமச் சொல்லுங்க. அவரு குடிச்சிருந்தாரா?"

"இல்ல தங்கச்சி."

"நஷ்டஈடு கேட்டு லேபர் ஆபீசுல மனு குடுக்கப் போறேன். இத ஆபீசருக்கு முன்னாடி சொல்வீங்களா? நாளைக்கு எம்புள்ளய யாரும் குடிகாரன் மகன்னு சொல்லக் கூடாதுண்ணே."

சொல்கிறேன் என்றேன். செல்வி மனு கொடுத்த வாரமே என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் கேட்டேன். "உன் நல்லதுக்குத்தான்" என்றார் மேனேஜர்.

போன வாரம் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. தூசி, வால்வு, கமர்கட் எல்லாம் சொன்னேன். கம்பெனி வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"நீங்க குடிப்பீங்களா?"

"குடிப்பேன் சார்."

"இறந்தவர் உங்களோட வந்து உக்காருவாரா?"

"வருவான் சார். நான் குடிப்பேன், அவன் சைடிஷ் திம்பான்."

யாரோ சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நெசமாத்தான் சார். ஆம்லெட், அவிச்ச முட்ட, மிக்சர், ஒண்ணு மிஞ்சாது. கலர் குடிச்சுட்டு என்னைய வண்டில ஏத்தி வீட்ல விட்டுட்டுப் போவான். குடிச்சவன் எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியும் சார். அவன் குடிக்கல."

"குடிக்கிறவர் சாட்சி" என்றார் வக்கீல், அதிகாரியைப் பார்த்து. வாய்தா போட்டுவிட்டார்கள்.

படியிறங்கும்போது செல்வி கேட்டது: "அம்புட்டயும் தின்னாராண்ணே? வீட்டுல வந்து பசியில்லன்னு சொல்லுவாரு." சிரித்துக்கொண்டே அழுதது.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், வெயிலில் ஒரு ஆள் குப்புறக் கிடந்தார். கூட்டம் சுற்றிக்கொண்டு போனது. "பாருங்கண்ணே" என்றது செல்வி. குனிந்து முகர்ந்தேன். சுத்தமான பிராந்தி வாடை.

"குடிதான் தங்கச்சி, வா."

"குடிச்சா என்னண்ணே? வெயில்ல கெடக்காருல்ல?"

ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கி நிழலில் போட்டோம். தண்ணீர் தெளித்ததற்கு அந்த ஆள் என் அம்மாவைத் திட்டினார். திட்டட்டும், உயிரோடு இருக்கிறார்.

நீ குடிக்கவில்லை என்று நிரூபிக்க ஊரெல்லாம் அலைந்துகொண்டிருக்கிறேன். அடுத்த வாய்தாவிலும் அதைத்தான் சொல்வேன், அது உண்மை. ஆனால் அன்றிலிருந்து வேறொரு கேள்வியும் என்னை விடாமல் துரத்துகிறது. வக்கீலிடமும் கேட்பேன், கண்டக்டரிடமும் கேட்பேன், நிற்காமல் போன அம்புட்டு வண்டிக்காரர்களும் வந்தால் அவர்களிடமும் கேட்பேன். சரி, குடித்தே இருக்கட்டும். அதற்காக அவனை வெயிலில் சாகவிடலாமா?