உட்கார முடியாத ஐந்து மாதங்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி என்று போனில் கேட்டால் பரவாயில்லை என்று தேய்ந்துபோன ஒரே பதிலைத்தான் சொல்கிறாய், அதனால் காகிதத்தில் கேட்கிறேன், நீயும் காகிதத்திலேயே சொல். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, அதைப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கும் தூசியை எல்லாம் எனக்குச் சுட்டிக்காட்டுகிறார், துடைப்பம் மட்டும் அந்தக் கண்ணாடியிலும் அவருக்குத் தெரிவதில்லை. உன் சித்திக்கு இரண்டு பல் எடுத்தாயிற்று, பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது, எத்தனை நாளைக்கோ. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக, அப்பா பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது அதைப் பேச எனக்கு வாய் வராது. நீ முகம் சுளித்தாலும் சரி, கடைசி வரைக்கும் படி. ஐந்து மாதமாக உன் அம்மா ஒழுங்காக எங்கேயும் உட்காரவில்லை.

போன வருஷக் கடைசியில் ஆபீசில் வேனை நிறுத்திவிட்டு, மீட்டர் பார்க்கப் போகிற எங்கள் எல்லாருக்கும் சைக்கிள் கொடுத்தார்கள் என்று சொன்னேன் இல்லையா, நீகூட உடம்புக்கு நல்லதும்மா என்று சந்தோஷப்பட்டாய். சைக்கிள் நல்ல சைக்கிள்தான், ஹேண்டில் பார் உயரமாக இருக்கும், முதுகை வளைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து ஓட்டலாம். சீட்தான் சனியன். குனிந்து பறக்கிற பந்தயக்காரர்களுக்குப் போடுகிற மாதிரி ஒல்லியாக, கட்டையாக, மூக்கைத் தூக்கிக்கொண்டு இருந்தது. அதில் ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி, இரும்பு மூடியைத் தூக்கி, அட்டைப்பூச்சியும் அழுகின இலையும் மிதக்கிற குழிக்குள் கையை விட்டு, தண்ணீர் மீட்டரின் கண்ணாடியைத் துடைத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, திரும்ப அந்தச் சீட்டில் ஏற வேண்டும். அந்தக் குழிக்குக்கூட என் கை பழகிவிட்டது, சீட்டுக்கு என் உடம்பு பழகவே இல்லை. இரண்டாவது வாரமே மரத்துப்போக ஆரம்பித்தது, அப்புறம் எரிச்சல், அப்புறம் தோல் உரிந்து துணி ஒட்டிக்கொள்ளும், சாயங்காலம் அதைப் பிய்த்து எடுப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எனக்கே என் உடம்பு அருவருப்பாகப் போய்விட்டது.

அப்பாவிடம் பாதியைத்தான் சொன்னேன். உடனே அவர் பெரிய எஞ்சினியர் மாதிரி பழைய துண்டு ஒன்றையும் தலையணைப் பஞ்சையும் சீட்டின் மேல் வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி, இனிமே நீ மகாராணி மாதிரி போகலாம் என்றார். இரண்டு நாள் மகாராணியாகத்தான் போனேன். மூன்றாம் நாள் மழை. பஞ்சு முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டது, உட்காரும்போதெல்லாம் பிழிந்து கால் வழியாக வழிகிறது, எழுந்தால் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. காயப் போட்டால் காயவும் இல்லை, ஊறிப்போன நாய் படுத்து எழுந்த சாக்கு மாதிரி நாற்றம். ஒரு வீட்டில் கதவைத் திறந்த அம்மா, மீட்டர் குழியிலிருந்துதான் வருகிறது என்று நினைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடமே புகார் சொன்னாள். நானும் ஆமாம்மா, குழிதாம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்ல.

அடுத்தது கடைவீதியில் இருக்கிற பெரிய சைக்கிள் கடை. கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அடுக்கியிருந்த சீட்டுகளில் ஒவ்வொன்றாகக் கட்டை விரலை அழுத்தி அழுத்தி, அங்கே நின்ற மற்ற ஆட்களைப் பார்த்துக்கொண்டே, ஆன்ட்டி, உங்க சைசுக்கு சோபாவைத்தான் கழட்டி மாட்டணும் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது வரைக்கும் எரிந்தது. திரும்பி வந்திருக்க வேண்டும், வரவில்லை, வலி என்னை அங்கேயே நிற்க வைத்தது. இருக்கிறதிலேயே மெத்தென்று இருந்த ஒன்றை, உள்ளே ஜெல் அடைத்தது, வாங்கிக்கொண்டு வந்தேன். அது இன்னும் மோசம். பிசைந்த மாவில் உட்கார்ந்த மாதிரி இரண்டு பக்கமும் உள்ளே இறங்கிவிடும், நடுவில் இருப்பது மேலே எழும்பி, அழுத்தக் கூடாத இடத்தில் அழுத்தும். ஒரு நாள் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தபோது தையல் விட்டு ஜெல் கசிந்திருக்கிறது, கவனிக்காமல் ஏறிவிட்டேன். சீருடை பேன்ட்டின் பின்பக்கம் சளி மாதிரி கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு, அதோடு மீதி நாற்பது வீட்டுக்கும் பையைப் பின்னால் பிடித்துக்கொண்டே போனேன். அந்த வாரம்தான் கட்டி வந்தது. எலுமிச்சங்காய் அளவுக்கு. டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, இந்த வயசுல உங்களுக்கு சைக்கிள் எதுக்கும்மா என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்டார். இந்த வயதில் எனக்குச் சம்பளம் எதற்கு என்று கேட்கிற மாதிரி இருந்தது. நர்ஸ்தான் கீறிச் சீழை எடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு, முன்னாடியே வந்திருக்கலாமேம்மா என்றாள். அந்த வாரம்தான் நீ வீடியோவில் கூப்பிட்டு, ஏம்மா நின்னுக்கிட்டே பேசற என்று கேட்டாய். அடுப்பில் பால் இருக்கிறது என்றேன். பால் எல்லாம் இல்லை.

நான்கு நாள் லீவு முடிந்து போனால் ஆபீசில் கூட்டம். எங்கள் கண்காணிப்பாளரைத் தெரியும் இல்லையா, எதை நீட்டினாலும் படிக்காமல் அடிப்பார் என்பதால் நாங்கள் ரப்பர் ஸ்டாம்ப் என்போமே, அவர்தான். எல்லார் முன்னாலும் என்ன பிரச்சினைம்மா என்று கேட்டார். சீட் சார் என்றேன். பின் வரிசையில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான், அப்புறம் வரிசை முழுதும். இவரும் உதட்டைக் கடித்துக்கொண்டே தனிப்பட்ட காரணம் என்று எழுதினார். இன்னொரு தடவை லீவு போட்டா கீழே பழைய ஃபைல் அறைக்கு மாத்திடுவேன், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் என்றார். அந்த அறையில் எலிப் புழுக்கையைத் தள்ளிவிட்டுத்தான் ஃபைலைத் திறக்க வேண்டும், ஜன்னலும் கிடையாது, அங்கே போன யாரும் திரும்ப மேலே வந்ததில்லை. கூட்டம் முடிந்து பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது நெட்டை வந்தாள், எங்களோடு மீட்டர் பார்க்கிறவள், என்னைவிட ஒரு முழம் உயரம். எனக்கும் அதேதான்க்கா என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடி. நான்கு பெண்கள் ஓட்டுகிறோம், நான்கு பேருக்கும் அதே கதை. ஒருத்தி பவுடர், ஒருத்தி தேங்காயெண்ணெய், ஒருத்தி உள்ளே இரட்டைத் துணி. அவரவர் பூட்டிவைத்துக்கொண்டு அவரவராக அழுதிருக்கிறோம். எனக்குக் கடைக்காரன் மேல்கூட அவ்வளவு வெறுப்பு வரவில்லை, எங்கள் வாயின் மேல்தான் வந்தது.

அதற்கு அடுத்த வாரம், பெடலில் நின்றுகொண்டே மிதிக்கிற என்னைத் தெருமுனையில் தபால்காரம்மா நிறுத்தினாள். இருபத்திரண்டு வருஷமாக நிமிர்ந்த சைக்கிளில் பை சுமக்கிறவள். எங்க வலிக்குது என்று மூக்கைப் பற்றிக் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள், நானும் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன், எனக்கே ஆச்சரியம். குனிஞ்சு ஓட்டறவங்களுக்குப் பாரம் பாதி கையில போயிடும், ஒல்லி சீட் போதும், நமக்கு மொத்தமும் கீழதாம்மா, மெத்தை தேடாதீங்க, அகலம் தேடுங்க என்றாள். பெட்டி அட்டை ஒன்றைப் படிக்கட்டில் போட்டு, என்னை அதன் மேல் உட்கார்ந்து முழங்காலைத் தூக்கச் சொன்னாள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழி, என் எலும்பு இரண்டும் பதிந்த இடம். ஐம்பத்தாறு வருஷமாக அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு குழியும் சீட்டின் அகலமான பாகத்தில் விழணும், ரெண்டு பக்கமும் ஒரு விரல் மிச்சம் இருக்கணும், சீட்டோட மூக்கு சமமா இருக்கணும், அவ்வளவுதான் என்றாள். அவளுக்குத் தெரிந்த ரிப்பேர்க்காரர் ஒருத்தரிடம் போனேன், அவர் சிரிக்கவும் இல்லை, என்னை அளக்கவும் இல்லை, அட்டையை வாங்கி அளந்தார். அடியில் இரண்டு ஸ்பிரிங், நடுவில் நீளமாகப் பள்ளம், மெத்தை அதிகம் இல்லாத, கெட்டியான அகல சீட் ஒன்றை மாட்டி, மூன்று நாள் ஓட்டிப் பாருங்க, பிடிக்கலைன்னா கொண்டாங்க என்றார். முதல் நாளே நூற்றிருபது வீடு முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்பா தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

இதோடு முடிந்திருந்தால் நான் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். போன செவ்வாய்க்கிழமை காலை முழுக்க ஆபீசிலேயே கணக்கு எழுதிவிட்டு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஸ்டாண்டுக்கு வந்தால் என் சைக்கிளில் சீட் இல்லை, வெறும் பைப் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. எங்கெங்கோ தேடி, கடைசியில் பார்த்தால் ரப்பர் ஸ்டாம்பின் சைக்கிளில் இருக்கிறது. மேலே பிளாஸ்டிக் உறை வேறு மாட்டியிருந்தார். அந்த ஆள் காலையிலிருந்து அதில் உட்கார்ந்து ஊர் சுற்றியிருக்கிறார் என்று நினைத்ததும் எனக்கு ஒரே அருவருப்பு. பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து நட்டைக் கழற்ற ஆரம்பித்தேன். எல்லாரும் கூடிவிட்டார்கள், அவரும் ஓடிவந்தார். அதெல்லாம் ஆபீஸ் சொத்தும்மா என்றார். ஆபீஸ் எனக்குக் குடுத்தது கட்டி மட்டும்தான் சார், வேணும்னா அதை எடுத்துக்கங்க என்றேன். கூட்டத்தில் சிரித்த அதே வாய்கள் இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தன. எனக்கு இனிக்கும் என்று நினைத்தேன், இனிக்கவில்லை. அந்தச் சைக்கிள் கடையில் நின்றபோது என் முகம் எப்படி இருந்திருக்குமோ, அவர் முகம் அப்படி இருந்தது.

சாயங்காலம் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். ஒரு வருஷமாக மூலமாம், ரத்தம் போகிறதாம், சம்சாரத்திடம்கூடச் சொல்லவில்லையாம். நீங்க வலியில்லாம போறதைப் பார்த்தேன், உங்ககிட்ட எப்படிம்மா கேக்கறது என்றார். திருட முடிகிறது, கேட்க முடியவில்லை. எனக்குப் பரிதாபமும் வந்தது, அருவருப்பும் போகவில்லை, இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்குத் தெரியாது. ஃபைல் பெட்டியின் அட்டை ஒன்றைக் கிழித்துப் படியில் போட்டு, உட்காருங்க சார் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அட்டையைக் கையில் கொடுத்து, ரிப்பேர்க்காரர் கடைக்கு வழி சொல்லி, நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க, சீட் ரத்தத்தை நிறுத்தாது என்றேன். மறுநாள் எங்கள் நான்கு பேர் பெயரையும் எழுதி, அகல சீட் தேவை, மருத்துவக் காரணம் என்று அவரே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். ஃபைல் அறைப் பேச்சும் போய்விட்டது. நெட்டை ஸ்வீட் வாங்கி வந்தாள். எனக்கு இறங்கவில்லை. எங்கள் நான்கு பேருக்கும் ஐந்து மாதம் வலித்தது தனிப்பட்ட காரணம், அவருக்கு வலித்ததும் அது மருத்துவக் காரணமாகிவிட்டது. சீட்டை மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்து, கிருமிநாசினியால் துடைத்து, வெயிலில் வைத்துத்தான் மாட்டினேன். இன்னும் ஏறும்போது ஒரு நிமிஷம் அவர் நினைவு வருகிறது, போய்விடும்.

போன கடிதத்தில் நீ, வேலையில் நின்று நின்று இடுப்புக்குக் கீழே ஏதோ ஒரு மாதிரி வலிக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் அங்கே பெய்கிற மழைக்குப் போய்விட்டாய். அந்த ஒரு வரியை நான் பத்து தடவை படித்தேன். அது என் பிள்ளை எழுதுகிற வரி இல்லை, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொன்னேனே, அந்த வரி. எங்கே, எத்தனை நாளாக, எப்படி, ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி, எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும், அசிங்கமாக இருந்தாலும் தெரிய வேண்டும். இந்த வாரமே டாக்டரிடம் போ. அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசினால் எழுந்து வேறு டாக்டரிடம் போ. கூடப் போக ஆள் இல்லையென்றால் சொல், லீவு போட்டுவிட்டு வருகிறேன், இப்போதுதான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்னால் உட்கார்ந்து வர முடியுமே. வேளைக்குச் சாப்பிடு. உன் உடம்பும் மனசும் திடமாக இருக்கட்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்லவர்களாகக் கிடைக்கட்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், இதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டார், படிக்கக் கொடுத்தேன். புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பரவாயில்லை என்று மட்டும் பதில் எழுதாதே.

ஆயிரம் முத்தங்களோடும் கொஞ்சம் கோபத்தோடும்,
உன் அம்மா