குழாய் பூட்டியிருந்தது

ஒக்டோபர் 4, சனி

காலையிலிருந்து தூறல். எழுத்துகள் குடிவெறிகாரர் மாதிரிச் சாய்ந்து நிற்கின்றன, பொறுக்க வேண்டும். வாசிக்கப்போவது நான் மட்டும்தான். ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். எழுபத்திரண்டு வயதில் நான் எழுதும் முதல் கொப்பி. பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம். என்ன சுகம்!

எழுதப் படித்தது ஒரு கைநாட்டுக்காக. போன வருட ஆடி மழையில் ரோட்டு வடிகால் கான் நிரம்பி, செல்வராசாவின் வீட்டு நிலவறையில் நான் வாடகைக்கு இருந்த அறைக்குள் வெள்ளம். அவன் ஒரு தாளோடு வந்தான். "சும்மா ஒரு போர்ம் அண்ணை, கைநாட்டு வையுங்கோ." வைத்தேன். நான் குழாயைத் திறந்துவிட்டுப் படுத்ததாக அதில் எழுதியிருந்ததாம். அதைக் காட்டி அறையையும் பறித்தான். போய்க் கேட்டேன். "வைச்சது வைச்சதுதான் அண்ணை."

இந்த மோர்டன் ஊர்த் தமிழ்க் கடைகளில் இன்றைக்கும் எனக்குப் பெயர் குழாய் இராசையா.

ஒக்டோபர் 8, புதன்

வெயில். வாங்க: கத்தரிக்காய், பற்பசை, தடித்த கறுப்புப் பேனை.

மைதிலி வந்தாள். துணி டிசைன் செய்கிற பிள்ளை, இந்த நாட்டிலேயே பிறந்தவள். வெள்ளம் புகுந்த வீடுகளின் கறைபட்ட துணிகளை, தண்ணீர் நின்ற அதே உயரத்தில் கறை வரும்படி மண்டபத்தில் தொங்கவிடப் போகிறாள். "காலநிலை மாறுது எண்டு கிராஃப் போட்டா ஆர் அங்கிள் பாக்கினம்? உங்கட வேட்டியைப் பாப்பினம்."

கதவில் தொங்கி, முழங்கால் உயரத்துக்கு நனைந்த வேட்டி. தோய்க்காமல் வைத்திருந்தேன்.

அவரவர் கையாலேயே துணியில் எழுத வேண்டுமாம். எழுதினேன். சோறு ஆறிப்போனது. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, சொல்லிக் காட்டினேன்.

"பொய் இல்லைத்தானே?"

"ஒரு எழுத்தும் இல்லை."

"அங்கிள், நீங்கள் சரியான டேஞ்சர்!"

மண்டபம் தந்தவர் சங்கத் தலைவர் செல்வராசா. ஆகவே பிரதம விருந்தினரும் அவரே. மைக்கைக் கண்டால் விடமாட்டான். "தமிழில இருக்கிறதை அவரையே வாசிக்கச் சொல்லு பிள்ளை. நல்ல குரல்" என்றேன் மைதிலியிடம்.

ஒக்டோபர் 11, சனி

மழை! நல்ல சகுனம்.

குத்துவிளக்கு, பொன்னாடை, மைக். ஒரு தலையணை உறை, ஒரு பள்ளிக்கூடப் பாவாடை, இரண்டையும் செல்வராசா உருக்கமாக வாசித்தான். சனம் கண் துடைத்தது. மூன்றாவது என் வேட்டி.

"தண்ணீர் இந்தக் கறை வரைக்கும் வந்தது. ரோட்டுக் கானால் வந்தது. குழாய் பூட்டியிருந்தது..."

குரல் இறங்கியது. பின்னாலிருந்து ஒரு மனுசி: "கேக்கேல்லை தம்பி, சத்தமா!"

தோளில் பொன்னாடை. என்ன செய்வான்? வாசித்தான்.

"எழுதத் தெரியாத நாளில் என் விரலைப் பொய்க்கு வாங்கினார்கள். இது என் கை. இராசையா."

மீன்கடைக்காரன்தான் முதலில் சிரித்தான். எனக்குக் குழாய்ப் பெயர் வைத்தவனே அவன்தான். "அப்ப குழாயைத் திறந்தது ஆர், தலைவர்?"

தேத்தண்ணி மேசையடிக்குச் செல்வராசா வியர்த்துக்கொண்டு வந்தான். "அண்ணை, அதை இறக்கச் சொல்லுங்கோ. சனம் ஒரு மாதிரிப் பாக்குது."

வாயில் றோல்ஸ். ஆறுதலாக மென்று விழுங்கினேன்.

"வைச்சது வைச்சதுதான் தம்பி."

ஒக்டோபர் 12, ஞாயிறு

கை நோகிறது. வேறு ஒன்றும் நோகவில்லை.

துணிகள் எல்லாம் அடுத்த கண்காட்சிக்கு வெஸ்ட் ஈலிங் போகின்றனவாம். செல்வராசாவின் சம்பந்தி வீட்டார் இருக்கிற இடம். ஆங்கிலத்திலும் எழுதி வைக்கட்டுமா என்று மைதிலி கேட்டாள். வை பிள்ளை, பெரிதாக வை. வருகிற சனி நானும் பஸ் ஏறுவேன். யார் யார் நின்று வாசித்தார்கள் என்று எழுத, இதற்குக் கீழே ஏழு கோடு விட்டிருக்கிறேன்.